பிள்ளையின் கொப்பியும் தாயின் கார்டும்
வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்

1989இல் வேலைக்குச் சேர்ந்தேன். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் முப்பத்துநான்கு வருடம் வீடு வீடாகப் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ‘மிட்வைவ் அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களை ஒன்றாக வைத்து வாசித்தபோது, பாதிக்கு மேற்பட்டவை ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டேன். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று அலைகிறார்கள். அதனால் அதைக் கேட்ட ஒரு கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எனக்கு இது முதல் பிள்ளை. சிசேரியன். பிள்ளைக்கு இப்போது ஐந்து கிழமை. கர்ப்பத்தில் சீனி கூடியிருந்தது என்று ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு நாள் வரச் சொன்னார்கள். பிள்ளையின் நிறை பார்க்க ஊர்க் கிளினிக்குக்கு வேறு நாள். ஊசிக்கு இன்னொரு நாள். ஒவ்வொரு தடவையும் ஓட்டோவுக்குக் காசு, வெட்டின வயிற்றோடு குலுங்கல். பிள்ளை பிறந்ததும் சீனி தானாக இறங்கிவிட்டதாம். என்னுடைய கிளினிக்கை மட்டும் விட்டுவிடலாமா? — ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: விடவேண்டாம் பிள்ளை. மூன்றில் ஒன்றை விடலாம் என்று வந்தால் எங்கள் தாய்மார் எப்போதும் தங்களுடையதைத்தான் விடுகிறார்கள். பிள்ளையின் ஊசியை ஒருவரும் தவறவிடுவதில்லை. மழை பெய்தாலும் குடையோடு நிற்பார்கள். தங்கள் இரத்தத்தைக் கொடுக்கத்தான் ‘பிறகு பார்க்கலாம்’ என்பார்கள்.

கர்ப்பத்தில் வந்த சீனி பெரும்பாலும் பிள்ளை பிறந்தவுடன் இறங்கும். அது உண்மை. ஆனால் அப்படிச் சீனி வந்த தாய்க்குப் பின்னாளில் நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூட. அதற்காகத்தான் ஆறாம் கிழமையளவில் அந்தச் சோதனை. இரவு சாப்பிட்டபின் ஒன்றும் எடுக்காமல் காலையில் வெறுவயிற்றோடு போகவேண்டும். ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் குடிக்கத் தருவார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து மறுபடி இரத்தம். இதில் சரியென்று வந்தாலும் அதோடு மறந்துவிடக்கூடாது. காலத்துக்குக் காலம் பார்த்துக்கொள்ளவேண்டும். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது, கர்ப்பம் தங்குவதற்கு முன்பே இதை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

அலைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குப் போன் எடுங்கள். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரமும், பதினான்குக்கும் இருபத்தோராம் நாளுக்கும் இடையில் ஒரு தரமும், நாற்பத்திரண்டாம் நாளையொட்டி ஒரு தரமும் அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அந்த நாற்பத்திரண்டாம் நாள் வருகையிலேயே பிள்ளையின் நிறையைப் பார்த்து, நிறையும் ஊசியும் பதியும் பிள்ளையின் கொப்பியில் எழுதக் கேளுங்கள். அப்படியென்றால் ஒரு ஓட்டோ மிச்சம். சீனிச் சோதனையை ஆறாம் கிழமையில் செய்வது நல்லது. நாள் பொருந்தாவிட்டால் சில நாள் தள்ளித் தரக் கேட்கலாம். கேட்டால் தருவார்கள். கேட்காமல் போகாமல் விடுவதுதான் கூடாது.

அப்புறம், ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கர்ப்பகாலக் கார்ட், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்ட், பிள்ளையின் கொப்பி, மூன்றும் அந்த ஒரே பைக்குள் இருக்கவேண்டும். ஊசிக்குப் போனாலும் மூன்றும் போகவேண்டும். பெண்பிள்ளைக்கு ரோசாநிறக் கொப்பி, ஆண்பிள்ளைக்கு நீலக் கொப்பி. அதை மட்டும் பொலித்தீன் உறை போட்டு வடிவாக வைத்திருக்கிறோம். தாயின் கார்ட் அலுமாரிக்குள் எங்கேயோ போய்விடுகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1991, நான் வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது, எல்லா இடத்துக்கும் சைக்கிள்தான். ஒரு வீட்டுக்கு ஐந்தாம் நாள் போனேன். தொங்குதராசில் சேலைத்துண்டு கட்டிப் பிள்ளையை நிறுத்தேன். நல்ல நிறை. தொப்புள் சுத்தமாக இருந்தது. பதிந்தேன். தாய் பாயில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். “குளிருது மிஸ்ஸி” என்றார். அவருடைய தாய், “சரக்குத்தண்ணி குடிச்சா எல்லாம் சரிவரும்” என்றார். எனக்கு அன்று இன்னும் நான்கு வீடு. சரியென்று எழும்பி வந்துவிட்டேன். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவரை உழவு இயந்திரத்தில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கருப்பையில் கிருமி தொற்றி நெருப்பாகக் காய்ச்சல். பிழைத்துக்கொண்டார். ஆனால் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். பிள்ளை வீட்டில் பால்மாவில் வளர்ந்தது. போத்தல் அவிக்க விறகும் நேரமும் இல்லாத வீடு. வயிற்றோட்டம் வந்தது. இரண்டாம் மாதம் கொப்பியில் நிறைக்கோடு படுத்துவிட்டது. தாய்க்கு வந்த காய்ச்சலைப் பிள்ளையின் கொப்பியில் கண்டேன். அன்றிலிருந்து ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் தாயின் கையைத் தொடுவேன். காய்ச்சல் இருக்கிறதா, இரத்தம் எவ்வளவு போகிறது, நாற்றம் இருக்கிறதா, மார்பு கட்டியிருக்கிறதா, கால் ஒன்று மட்டும் வீங்கி நோகிறதா, தலையிடியா, கண் மங்குகிறதா. இவ்வளவும் கேட்ட பிறகுதான் தராசை எடுப்பேன்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 1990களின் நடுவில் ஒரு முறையை வகுத்தன. இருமலுக்கு வந்த பிள்ளையின் இருமலை மட்டும் பார்த்து அனுப்பாதே, நிறையைப் பார், ஊசி தவறியதா என்று பார், என்ன சாப்பாடு என்று கேள், கூட வந்த தாய்க்கு எப்படி என்றும் கேள் என்பதுதான் அதன் சாரம். பயிற்சியில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாயும் போர்வையும்தான் நினைவுக்கு வந்தன.

என் ஆசை ஒன்றைச் சொல்கிறேன். ஊசி போட்டபின் பிள்ளையை இருபது நிமிடமாவது கிளினிக்கில் வைத்துப் பார்ப்போம். அந்த நேரம் தாய்மார் வாங்கில் சும்மா இருப்பார்கள். அந்த இருபது நிமிடத்துக்குள் ஒவ்வொரு தாயின் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, தையல் ஆறியதா, நித்திரை வருகிறதா, அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி யோசிக்கிறீர்கள் என்று கேட்டுவிடலாம். நான் வேலை செய்த ஒரு சிறு நிலையத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இப்படிச் செய்து வந்தோம். கூடுதல் கட்டடம் தேவைப்படவில்லை. இன்னொரு கதிரையும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும்தான் தேவைப்பட்டன.

கேள்வி: பேரன் பிறந்து பன்னிரண்டு நாள். இந்த வெக்கையில் ஒரு கரண்டி தண்ணீர் கொடுக்க மருமகள் விடுகிறாள் இல்லை. சேனை வைக்கவும் விடவில்லை. நாங்கள் ஐந்து பிள்ளை வளர்க்கவில்லையா? — ஓர் அப்பம்மா, கரவெட்டி

பதில்: வளர்த்தீர்கள் அம்மா. உங்கள் கையில் ஐந்து பிள்ளை வளர்ந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த விஷயத்தில் மருமகளின் பக்கம்தான் நான்.

தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெக்கைக்குப் பிள்ளை அடிக்கடி முலையைத் தேடும். தேடினால் கொடுத்தால் போதும். தண்ணீரைக் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும். பால் குறையக் குடிக்கும், குறையக் குடித்தால் தாய்க்குச் சுரப்பும் குறையும். ஆறு மாதம் முடியும் வரை பால் மட்டும் போதும். சேனையில் தேன் வைப்பீர்கள் என்றால் அது இன்னும் பயம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியால் உடம்பு சோர்ந்து மூச்சே தடைப்படும் நோய் வரலாம். எங்கள் காலத்தில் இது தெரியாது. இப்போது தெரியும்.

உங்கள் கைப்பக்குவத்தை மருமகளுக்குக் காட்டுங்கள். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்துப் பால்சுறாவோ சின்ன மீனோ போட்டு வைக்கும் பத்தியக்கறி நல்ல சாப்பாடு. முருங்கையிலைச் சுண்டல் நல்லது. உழுத்தம்மாக் களி நல்லது. அவை எல்லாம் வேண்டும். பத்தியம் என்று சொல்லிச் சோற்றை அளப்பதும், தண்ணீரைக் குறைப்பதும், பழம், மரக்கறியை நிறுத்துவதும்தான் வேண்டாம். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும். பக்கத்தில் எப்போதும் ஒரு செம்பில் கொதித்தாறிய தண்ணீர் இருக்கட்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கவிடாதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தோடம்பழச்சாறு, தேசிக்காய்த் தண்ணீர் என்றால் நன்றாகச் சேரும்.

துடக்குக் கழியட்டும் என்று முப்பத்தொரு நாள் வரை உத்தியோகத்தரை வாசலிலேயே நிற்கவைத்த வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து அதிகம். உள்ளே கூப்பிடுங்கள் அம்மா.

கேள்வி: பிள்ளைக்குச் சளி. மூக்கு வடிகிறது. நாளைக்கு நான்கு மாத ஊசி. போடலாமா? — ஒரு தாய், கொக்குவில்

பதில்: சாதாரணச் சளிக்கு ஊசியைத் தள்ளத் தேவையில்லை. கடும் காய்ச்சல் இருந்தாலோ, முந்திய ஊசிக்குப் பிள்ளைக்கு ஏதும் பெரிதாக நடந்திருந்தாலோ போடுமுன் சொல்லுங்கள். பிறந்தவுடன் பி.சி.ஜி., பிறகு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்கள், ஒன்பதாம் மாதம், ஒரு வயது, ஒன்றரை வயது, மூன்று வயது, ஐந்து வயது. ஒன்றரை வயதுக்குப் பிறகு இருப்பவற்றைத்தான் மறந்துபோகிறார்கள். கொப்பியில் திகதி எழுதியிருக்கும், நாட்காட்டியிலும் இப்போதே வட்டம் போட்டுவையுங்கள்.

கேள்வி: நெடுந்தீவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது. மூத்தவன் 35ஆம் கிழமையிலேயே பிறந்துவிட்டான். இந்தப் பிள்ளைக்கு மார்கழியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். எப்போது அங்கால் வரவேண்டும்? மூத்தவனுக்கு இரண்டரை வயது, அவனை அம்மாவிடம் விடுவதா, கொண்டுவருவதா? — ஒரு தாய், நெடுந்தீவு

பதில்: தங்கச்சி, இக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நல்ல கடலிலேயே படகில் ஒரு மணித்தியாலம். மார்கழியில் வாடைக்காற்று. படகு ஓடாத நாளும் வரும். நோ கண்டபிறகு புறப்படலாம் என்ற கணக்கு உங்களுக்குச் சரிவராது.

மூத்தது முந்திப் பிறந்தால் அடுத்ததும் முந்துவதற்கு வாய்ப்புக் கூட. ஆகவே 36, 37 என்று காத்திருக்காமல், அடுத்த கிளினிக்கிலேயே வைத்தியரிடம், “35ஆம் கிழமையில் பிறந்த பிள்ளை ஒன்று இருக்கு, நான் எப்ப வந்து தங்கவேண்டும்?” என்று நேரே கேளுங்கள். முப்பத்துநான்காம் கிழமைக்கு முன்பே தங்கும் இடத்தைத் தீர்மானித்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. பிள்ளை முந்தப்போகிறது என்று கண்டால் தாய்க்கு ஒரு ஊசி போடுவார்கள். போடுவது தாய்க்கு, பலன் பிள்ளையின் நுரையீரலுக்கு. பிள்ளை பிறக்குமுன் சில மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு நாளாவது, அது உடம்பில் இருந்தால்தான் நல்ல பலன். அதற்கு நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும்.

இன்னொரு விஷயம், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் குருநகரிலோ நல்லூரிலோ ஒரு சொந்தக்கார வீட்டில் வந்து தங்குவீர்கள். தீவில் இருக்கும் உத்தியோகத்தரின் பதிவில் உங்கள் பெயர் இருக்கும், ஆனால் அவர் உங்களைப் பார்க்க முடியாது. இங்கே இருக்கும் உத்தியோகத்தருக்கு நீங்கள் வந்ததே தெரியாது. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த முதல் பத்து நாள் ஒருவரும் வராமல் போய்விடும். இரண்டு வேலிக்கு நடுவில் விழுந்த தேங்காய் மாதிரி, இரண்டு வீட்டுக்காரரும் எடுக்கமாட்டார்கள். புறப்படுமுன் தீவு உத்தியோகத்தரிடம் தங்கப்போகும் விலாசத்தைச் சொல்லி, அந்தப் பகுதிக்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த கிழமையே நீங்களும் கார்டோடு போய் அவரைச் சந்தியுங்கள்.

மூத்தவனைப் பற்றி: முடிந்தால் கொண்டுவாருங்கள். ஒன்றரை இரண்டு மாதம் தாயை விட்டு இரண்டரை வயதுப் பிள்ளை இருந்தால் சாப்பாடு குறையும், நிறை குறையும். கொண்டுவர ஏலாவிட்டால் அவனுடைய கொப்பியை உங்களோடு கொண்டுவராதீர்கள். அது அம்மாவின் கையில் இருக்கட்டும். மாதாமாதம் நிறை பார்க்க அவர் கொண்டுபோகவேண்டும். திரிபோஷா என்ற சத்துமா கிடைக்கிறது என்றால் அதை அவனுக்கே கொடுக்கச் சொல்லுங்கள், வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவது வழக்கம். மூன்று வயது ஊசியின் திகதியையும் எழுதிவையுங்கள், நீங்கள் கைக்குழந்தையோடு நிற்கும் நேரம்தான் அது வரும்.

இடையில் தண்ணீர் உடைந்தால், இரத்தம் கண்டால், தலையிடியோடு கண் மங்கினால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், காற்று எப்படி இருந்தாலும் உடனே தீவு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொண்டுவரும் ஒழுங்கை அவர்கள் செய்வார்கள். இக்கரையில் நிற்கும்போது என்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். பிறகு ஏன் இன்னும் மருத்துவமாது வீட்டுக்கு வரவேண்டும்? அது பழையகால ஏற்பாடு இல்லையா? — மாணவி, சாவகச்சேரி

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. பழையகாலத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தக் கதை வெகு முந்தித் தொடங்குகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அவர் தமிழாக்கிய நூல்களில் பிரசவ வைத்திய நூலும் ஒன்று. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது. ‘இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்’ என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே கூரை என்பது அங்கே அப்போதே இருந்தது.

நாட்டில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதற்குப் பிறகுதான் ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதார பரிசோதகர், மருத்துவமாது என்று ஊர் ஊராக ஆட்களை வைக்கும் முறை பரவியது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். ஒரு குறிச்சியில் எல்லோருக்கும் தெரிந்த ஒருத்தி. அண்மைய வருடங்களில் அது லட்சத்துக்கு முப்பதை ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிந்தது, வீதி வந்தது, பெண்பிள்ளைகள் படித்தார்கள், ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம் கிடைத்தது. எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் ஒரு ஆள் இல்லாமல் நடந்திருக்காது.

ஆஸ்பத்திரி ஒரு தாயை இரண்டு மூன்று நாள்தான் வைத்திருக்கும். அங்கே பிரசவ வார்ட் வேறு, பிள்ளை வார்ட் வேறு. தாய்க்கு ஒரு வைத்தியர், பிள்ளைக்கு வேறொரு வைத்தியர். அது தவறில்லை, அவரவர் படிப்பு அப்படி. ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்ததும் இருவரும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். இருவரையும் ஒன்றாகப் பார்க்கும் ஆள் எங்கள் முறையில் ஒருவர்தான், நீ மருத்துவமாது என்று சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர். கலியாணம் முடித்த கையோடு உங்கள் பெயரைப் பதிந்து, போலிக் அமிலக் குளிசையும் ருபெல்லா ஊசியும் பற்றிக் கேட்டு, எட்டுக் கிழமைக்குள் கர்ப்பத்தைப் பதிந்து, பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை பின்னால் வருபவர் அவர். சுமார் மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. இடம் வெறுமையாக இருக்கும் பகுதிகளில் ஒருவர் இரண்டு பகுதியைச் சுமப்பார். அப்படிச் சுமக்கும்போது முதலில் விடுபடுவது வீட்டு வருகைதான். நீ படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தால் நான் சரியாகச் சந்தோசப்படுவேன்.

கேள்வி: தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து நான்கு கிழமை. எந்நேரமும் அழுகிறாள். பிள்ளை நித்திரை கொண்டாலும் அவள் கொள்வதில்லை. “நான் நல்ல தாய் இல்லை” என்கிறாள். அம்மா, “பிள்ளைப்பெத்த உடம்பு, போகப்போகச் சரிவரும்” என்கிறார். — ஓர் அக்கா, கோப்பாய்

பதில்: பிள்ளை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஒரு பத்து நாள் வரை வரும் அழுகை பலருக்கும் வரும், தானாகப் போகும். இரண்டு கிழமை தாண்டியும் நின்றால் அது வேறு. நான்கு கிழமை என்கிறீர்கள். இனிக் காத்திருக்கவேண்டாம்.

உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவரிடம் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கும். 1987இல் எடின்பரோவில் உருவாக்கியது, தமிழிலும் உண்டு. தங்கச்சி தனியாக இருந்து நிரப்பட்டும், பக்கத்தில் மாமியாரோ கணவரோ நிற்கவேண்டாம். அதில் கடைசிக் கேள்வி தன்னைத்தானே நோகப்பண்ணும் யோசனை வந்ததா என்பது. அதற்கு ஆம் என்று வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். இல்லாத குரல் கேட்கிறது, இரவு முழுக்க நித்திரையே இல்லாமல் தொடர்பில்லாமல் கதைக்கிறாள் என்றாலும் அப்படித்தான். அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்க்கு வருவது, ஆனால் வந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரி. தாயையும் பிள்ளையையும் தனிய விடக்கூடாது. இரவில் யாரோடாவது கதைக்கவேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நோய் என்று சொல்லி வைத்தியம் செய்தால் மாறுவது இது. பால் கொடுக்கும்போதே குடிக்கக்கூடிய மருந்தும் உண்டு. எங்கள் பகுதியில் போரில் ஆளை இழந்த பெண்கள், கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுப் பெண்கள், கணவன் வெளிநாட்டில் இருக்கத் தனிய நின்று பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் அழுதவர்களைவிட அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பிள்ளையின் நிறைக்கோடு காரணமில்லாமல் படுத்தால் நான் தாயின் முகத்தைப் பார்ப்பேன். பல தடவை காரணம் அங்கேதான் இருந்தது.

நீங்கள் அக்கா. இரவில் ஒரு தடவையாவது பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைத் தொடர்ந்து நான்கு மணித்தியாலம் படுக்கவிடுங்கள். அவள் சொல்வதைக் கேளுங்கள். “உனக்கு என்ன குறை?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்குப் பிரெஷர் கூடி 34ஆம் கிழமையில் பிள்ளையை எடுத்தார்கள். 1.9 கிலோ. இப்போது வீட்டுக்கு வந்து மூன்று நாள். ஆஸ்பத்திரியில் மனைவியின் நெஞ்சோடு பிள்ளையைக் கட்டிவைத்தார்கள். அதை வீட்டிலும் செய்யச் சொன்னார்கள். தகப்பன் செய்யலாமா? — ஒரு தந்தை, அளவெட்டி

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் பிள்ளைகளைச் சூடாக்கி வைக்கும் பெட்டி போதாமல் வைத்தியர்கள் தாயின் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்ததில் தொடங்கியது இது. இன்று பெட்டி தாராளமாக உள்ள நாடுகளிலும் செய்கிறார்கள். சூடு ஒரே சீராக நிற்கும், பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், கிருமித்தொற்றுக் குறையும்.

குளித்து, சட்டையைக் கழற்றி, ஒரு சாய்மனைக் கதிரையில் பாதி சாய்ந்து இருங்கள். பிள்ளைக்கு நாப்கினும் தொப்பியும் காலுறையும் மட்டும். உங்கள் நெஞ்சில் நிமிர்த்தி, தவளை மாதிரிக் கைகால் மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்து, மனைவியின் பழைய பருத்திச் சேலையால் சுற்றிக் கட்டுங்கள். மூக்கும் வாயும் எப்போதும் தெரியவேண்டும், நாடி நெஞ்சில் மடிந்திருக்கக்கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலமாவது வைத்திருங்கள். உங்களுக்கு நித்திரை தூங்கினால் பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள். சிகரெட் பிடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், வேறு வழியில்லை.

இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால். பிள்ளை எழும்பாவிட்டால் எழுப்பிக் கொடுக்கவேண்டும், மாதம் முந்திய பிள்ளைகள் அழுது கேட்காமல் சோர்ந்து படுப்பார்கள். பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்செடுக்கும்போது நெஞ்சு உள்ளே போனால், உடம்பு குளிர்ந்தால் அல்லது சுட்டால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால், இரவென்றாலும் உடனே கொண்டுபோங்கள்.

மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். பிரெஷர் கூடித்தான் பிள்ளையை முந்தி எடுத்தார்கள் என்றால், அந்தப் பிரெஷர் பிள்ளையோடு வெளியே வந்துவிடவில்லை. ஆறு கிழமை வரையும் அது திடீரென்று ஏறலாம், வலிப்பும் வரலாம். தந்த குளிசையை நன்றாக இருக்கிறது என்று நிறுத்தவிடாதீர்கள். கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ என்றால் பிள்ளைக்குச் சொன்ன அதே அவசரம் அவருக்கும். பிள்ளையை நிறுக்க உத்தியோகத்தர் எப்போது வருவார் என்று இன்றைக்கே கேளுங்கள், வரும்போது இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.